சாம்பல் கல்லில் சிமெண்டுக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்களுக்கு ‘ஃப்ளை ஆஷ் கல்’ இன்று புதுச் சரக்கு அல்ல. சென்னைப் புறநகரில் தொடங்கித் தூத்துக்குடி வரை, சாலையோரப் பட்டறைகளில் சாம்பல் நிறக் கற்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஓரம் கூர்மையாக இருக்கும், அளவு மாறாது, கலவை குறைவாகப் பிடிக்கும், லாரியிலிருந்து இறக்கும்போது அதிகம் உடையாது என்று மேஸ்திரியே எடுத்துச் சொல்லி வாங்க வைக்கிறார். அனல் மின் நிலையக் கழிவில் செய்தது, வயல் மண்ணை வெட்டவில்லை, சூளையில் சுடவில்லை என்ற நற்பெயரும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

அந்த நற்பெயரில் பாதிதான் உண்மை. முடிந்த கல்லை உடைத்துப் பார்த்தால் தெரியாது. பட்டறையில் கலவை போடும் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பேன் மிக்ஸருக்குள் சாம்பலும் கிரஷர் தூசும் விழுந்த பிறகு, பெரும்பாலான இடங்களில் அடுத்ததாகப் பிரித்துக் கொட்டப்படுவது சிமெண்ட் மூட்டை.

எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு சிமெண்ட் என்பது தொழிலில் பரவலாக இருக்கும் கணக்கு. கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. அதில் கால் கிலோ சிமெண்ட் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு வேண்டிய சுமார் 20,000 கற்களுக்குள் மட்டும் 5 டன் சிமெண்ட் ஒளிந்திருக்கிறது. மூட்டைக் கணக்கில் 100. அஸ்திவாரம், தூண், கூரை, பூச்சு என்று கண்ணுக்குத் தெரிந்து செலவாகும் சிமெண்ட் இதில் சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கல்லே சிமெண்ட் இல்லாமல் செய்வதற்காக உருவானது. விசாகப்பட்டினத்தில் இயங்கும் ‘இன்ஸ்வாரெப்’ என்ற ஆய்வு நிறுவனத்தின் என். பானுமதிதாஸ், என். காளிதாஸ் இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ‘ஃபால்-ஜி’ என்ற பெயரில் இந்த முறையைப் பரப்பத் தொடங்கினார்கள். ஃப்ளை ஆஷ், லைம், ஜிப்சம் என்ற மூன்று பொருள்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், கொஞ்சம் மணல், தண்ணீர். அவ்வளவுதான். சூளை வேண்டாம், நீராவிக் கலமும் வேண்டாம். குறைந்த முதலீட்டில் ஊருக்கு ஊர் பட்டறை போடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆந்திரத்தில் தொடங்கி நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் அந்த வழியில்தான் முளைத்தன. 2006-ல் உலக வங்கியின் சமூக வளர்ச்சிக் கார்பன் நிதி, இந்தக் கற்களால் மிச்சமாகும் கரியமில வாயுவை விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. விசாகப்பட்டினத்துப் பட்டறைக் கல்லுக்கு வெளிநாட்டுப் பணம் வந்த அபூர்வமான தருணம் அது.

இது எப்படி இறுகுகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு வரை சாம்பல். ஒடிசாவின் தால்சரிலிருந்து கடல் வழியே எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில் நிலக்கரி வரும்போது, மூன்று கப்பலுக்கு ஒரு கப்பல் எரியாத சரக்குதான் வருகிறது என்று சொல்லலாம். கொதிகலனின் கடும் வெப்பத்தில் அந்த எரியாத பகுதி உருகி, புகையோடு மேலேறும்போது சட்டென்று குளிர்ந்து, கண்ணாடித் தன்மை கொண்ட நுண்ணிய உருண்டைகளாகிறது. அதில் நிறைந்திருப்பவை சிலிக்காவும் அலுமினாவும். தனியாக விட்டால் தண்ணீரோடு எதுவும் செய்யாது. சுண்ணாம்பு பக்கத்தில் இருந்தால் மெல்ல மெல்ல வினைபுரிந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசையாகும். சிமெண்ட் தண்ணீர் பட்டதும் உண்டாக்கும் பசையும் இதே குடும்பம்தான். ஜிப்சத்தின் வேலை வேறு. சாம்பலில் உள்ள அலுமினாவோடு சேர்ந்து முதல் சில நாள்களிலேயே கொஞ்சம் பிடிமானம் தந்து, கல்லைத் தூக்கி அடுக்கும் அளவுக்குத் தயார்ப்படுத்துகிறது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே கூடுதல். அது தண்ணீர் பட்டால் தானாகவே ஓரளவு இறுகும். தூத்துக்குடிச் சாம்பலுக்கு ஏற்ற கலவையை நெய்வேலிச் சாம்பலுக்கு அப்படியே போட்டால் சரிவராது. ஒவ்வொரு மின் நிலையத்துக்கும் கலவையைத் தனியாகச் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பட்டறைக்காரர்களில் சிலர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சுண்ணாம்போடு எரிந்த பொருளின் தூளைச் சேர்த்தால் கல்லாக இறுகும் என்பது இந்த மண்ணின் கொத்தனார்களுக்குப் புதிய செய்தி இல்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்பில் கலந்த ‘சுர்க்கி’யும் இதே வேதியியல்தான். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையில் எழுந்தது. சிமெண்ட் மூட்டை ஊருக்கு ஊர் வராத காலத்தில் அணையையே கட்டியவர்களுக்கு, சுவர்க் கல்லுக்குச் சிமெண்ட் இல்லாமல் முடியாது என்று சொன்னால் சிரிப்பு வந்திருக்கும்.

பிறகு ஏன் சிமெண்ட் உள்ளே வந்தது? பட்டறைக்காரர்கள் வேதியியல் தெரியாதவர்கள் என்றும், கல்லுக்கு வலு போதவில்லை என்றும் இரண்டு பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் பொருந்தவில்லை. ஒழுங்காகச் செய்த சாம்பல்–சுண்ணாம்புக் கல், இரண்டு மூன்று மாடிக் குடியிருப்பின் சுவருக்குத் தேவையான வலுவைத் தாராளமாக எட்டும். நாள் ஆக ஆக அதன் வலு கூடவும் செய்யும். ஆனால் எட்டுவதற்குக் காலம் எடுக்கும். சிமெண்ட் கலந்த கல் பத்துப் பதினான்கு நாளில் லாரி ஏறிவிடும். சுண்ணாம்புக் கல்லுக்கு மூன்று, நான்கு வாரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும், ஏனென்றால் இந்த வினை வெப்பத்தை விரும்புவது. சித்திரை வெயிலில் தார்ப்பாய் போட்டு மூடி ஈரம் காத்தால் வேகமாக இறுகும்.

ஆக, பட்டறைக்காரர் சிமெண்ட் மூட்டைக்குக் கொடுக்கும் பணம் வலுவுக்கான விலை அல்ல. இரண்டு வார நேரத்துக்கான விலை. ஒரு பட்டறை நாளைக்குப் பத்தாயிரம் கல் அடிக்கிறது, கல் ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் சரக்கு களத்தில் நின்றால் முடங்கும் பணம் 6 லட்சம். இருபத்தெட்டு நாள் நின்றால் கிட்டத்தட்ட 17 லட்சம். அதிகப்படியான 11 லட்சத்துக்கு வட்டி யார் கட்டுவது? மூன்று மடங்கு களம் வேண்டும், மூன்று மடங்கு பலகையும் தண்ணீரும் வேண்டும். வங்கியில் களத்துச் சரக்கைக் காட்டி நடப்புக் கடன் வாங்கச் சிறு பட்டறைக்காரர் படும் பாடு தனிக்கதை. வாங்குபவரும் அவசரக்காரர். கொத்தனார் நாளை காலை வருகிறார் என்று இன்று மாலை தொலைபேசியில் லோடு கேட்பவர்தான் அதிகம். இந்த நெருக்கடியில் எந்தப் பட்டறைக்காரரும் ஒரு மூட்டை சிமெண்டைப் பிரித்துக் கொட்டவே செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுண்ணாம்பும் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிமெண்ட் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே தரம், மூட்டையில் முத்திரை இருக்கும். சுண்ணாம்பு அப்படியில்லை. இந்த வார லோடு நன்றாக வெந்திருக்கும், அடுத்த லோடு பாதி வேகாத கல்லாக இருக்கும், அதற்கடுத்தது ஈரக் காற்றில் கிடந்து சத்துப் போயிருக்கும். சரியாக நீறாத துகள் கல்லுக்குள் போய்விட்டால் வம்பு. சுவர் எழும்பி, பூச்சும் முடிந்த பிறகு அந்தத் துகள் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பூச்சோடு சேர்த்துப் பொரியும். ஊறவைத்து நீற்றி, சலித்துச் சேர்த்தால் தவிர்க்கலாம். அதற்கும் தொட்டி வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். மறுபடியும் நேரம்தான்.

இங்கே சுற்றுச்சூழல் பேசுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. சுண்ணாம்பு என்பது மட்டும் என்ன, கழிவா? அதுவும் சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் வேகவைத்துத்தான் வருகிறது. ஒரு டன் சுட்ட சுண்ணாம்பு எடுக்கும்போது கல்லிலிருந்தே ஏறத்தாழ 785 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரித்த விறகும் நிலக்கரியும் தனி. சிமெண்டுக்கு அரைக்கும் சுட்ட கட்டியான கிளிங்கரில் ஒரு டன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. ஆக, காளவாயிலிருந்து நேரே வாங்கிய சுண்ணாம்பைக் கல்லில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு கொட்டிவிட்டு, சிமெண்ட் போடவில்லை என்று மார்தட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை. சில கலவைகளில் கணக்கு நட்டத்திலேயே முடியும். சூளையில் சுட்ட செங்கல்லோடு ஒப்பிடும்போது லாபம் உண்டு. உலக வங்கி ஒப்பந்தம் அந்த ஒப்பீட்டில்தான் நின்றது.

எனவே கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். சிமெண்ட் இல்லாத கல் என்பது மட்டும் போதாது. ஒட்டவைக்கும் பொருளும் கழிவிலிருந்து வர வேண்டும். அது முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. வெல்டிங் பட்டறைகளுக்கு அசிட்டிலின் வாயு செய்யும் தொழிற்சாலைகளில் கால்சியம் கார்பைடு தண்ணீரில் போடப்படுகிறது. வாயு போன பிறகு தொட்டியின் அடியில் தங்கும் வெள்ளைச் சேறு வேறொன்றும் இல்லை, நீற்றிய சுண்ணாம்பு. காளவாய் வேலை, நீற்றும் வேலை எல்லாம் ஏற்கெனவே முடிந்த சரக்கு. உலர்த்திச் சலித்தால் சாம்பல் கல்லுக்கு நேராகப் போகும். காகித ஆலைச் சுண்ணாம்புச் சேற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது மறுபடி சுண்ணாம்புக் கல். சுட்டால்தான் சுண்ணாம்பாகும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தன் சேற்றையும் சாம்பலையும் என்ன செய்தது? அவற்றைப் பயன்படுத்தவென்றே வளாகத்துக்குள் சிமெண்ட் ஆலை கட்டிக்கொண்டது. கழிவுக்கு வழி கண்டதற்குப் பாராட்டலாம். ஆனாலும் தமிழ்நாட்டில் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

ஜிப்சத்துக்கும் கழிவு வழி உண்டு. பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும் உர ஆலைகள், ஒரு டன் அமிலத்துக்கு நாலரை முதல் ஐந்து டன் பாஸ்போஜிப்சத்தை வெளியே தள்ளுகின்றன. இதில் ஒரு கவனம் தேவை. பாஸ்பேட் பாறையில் இயற்கையாக உள்ள ரேடியம் அதில் கொஞ்சம் தங்கும். அமெரிக்கா 1989 முதல் பெரும்பாலும் அதைக் குன்றாகக் குவித்து வைக்கத்தான் சொல்கிறது. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வேறு முடிவெடுத்தது. கிராமுக்கு ஒரு பெக்கரெலுக்குக் குறைவாக ரேடியம் இருந்தால் கட்டுமானப் பொருள்களில் பயன்படுத்தலாம் என்பது அதன் வரம்பு. கல்லில் ஜிப்சம் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு லோடுக்கும் சோதனைச் சீட்டு இருக்க வேண்டும் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

இன்னொரு ஜிப்சம் வந்திருக்க வேண்டியது, வராமல் போகிறது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் விதித்தது. அந்தக் கருவி சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு கந்தகத்தைப் பிடித்துத் தூய ஜிப்சமாக மாற்றித் தரும். கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் அனல் மின் அலகுகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் விலக்கு அளித்துவிட்டார்கள். காற்றுக்கு நேர்ந்ததை மருத்துவர்கள் பேசட்டும். சாம்பலும் ஜிப்சமும் ஒரே வாசலில் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு கல் பட்டறைக்குக் கைநழுவியது என்பதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சாம்பலுக்கு மட்டும் பஞ்சமில்லை என்று தோன்றும். 1996-97-ல் இந்தியாவில் ஏறத்தாழ 6.9 கோடி டன் சாம்பல் உற்பத்தியானது. பயன்பட்டது நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இல்லை. 2021-22-ல் உற்பத்தி 27 கோடி டன்னைத் தொட்டது. பயன்பாடு நூற்றுக்கு 96 பங்கு என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் அறிக்கை. கேட்க இனிமையான எண். ஆனால் ‘பயன்பாடு’ என்ற அந்த ஒரு தலைப்பின் கீழ் பள்ளமான நிலத்தை நிரப்பியதும், பழைய சுரங்கக் குழியில் கொட்டியதும், சாம்பல் குட்டையின் கரையைச் சாம்பலாலேயே உயர்த்தியதும் எல்லாம் அடங்கும். ஏறத்தாழ கால் பங்கு சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. கல்லாகவும் ஓடாகவும் மாறுவது அதில் பாதி அளவுதான். பள்ளத்தில் கொட்டிய சாம்பலும் சுவரில் கல்லாகப் பூட்டிய சாம்பலும் புள்ளிவிவரத்தில் ஒரே மதிப்பெண் வாங்குவது அநியாயம். ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் சாம்பலில் சிறு அளவில் உண்டு. இறுகிய கல்லுக்குள் அவை பெருமளவு கட்டுண்டு கிடக்கும். பள்ளத்தில் கொட்டினால் மழைநீரோடு இறங்கும்.

கட்டுப்படாத சாம்பல் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். எண்ணூர்ப் பகுதியில் மின் நிலையச் சாம்பல் குழம்பு செல்லும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்ததைக் காட்டுக்குப்பம் மீனவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். செப்பாக்கம் என்ற கிராமம் சாம்பல் குட்டையின் ஓரத்திலேயே இருக்கிறது. காற்றடித்தால் சாம்பல் சோற்றுத் தட்டில் விழுகிறது. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் 2020 ஏப்ரலில் சாசன் மின் நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்து ஆறு பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

சட்டத்துக்கும் குறைவில்லை. 1999 செப்டம்பரில் வந்த முதல் அறிவிக்கை, மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் மண்ணில் நூற்றுக்கு 25 பங்கு சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2016-ல் எல்லை 300 கிலோமீட்டர் ஆனது. நூறு கிலோமீட்டர் வரை வண்டி வாடகை மின் நிலையத்தின் பொறுப்பு என்றும் சொன்னார்கள். 2021 டிசம்பர் அறிவிக்கை, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு விதித்தது. இவற்றுக்கு நடுவே 2009-ல் வந்த ஒரு வரிதான் பட்டறைக்காரர்களுக்கு உயிர் வரியாக இருந்தது: உலர் சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கையாவது கல், ஓடு செய்பவர்களுக்கு முன்னுரிமை தந்து இலவசமாக ஒதுக்க வேண்டும் என்றது அது. ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தது, லோடு கைக்கு வரவில்லை என்பது சிறு உற்பத்தியாளர்களின் நெடுநாள் முறையீடு. அதில் ஆச்சரியமும் இல்லை. பல்கர் லாரிகளை வரிசையாக நிறுத்தி மாதக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வாங்கும் சிமெண்ட் ஆலைக்கும், வாரத்துக்கு நாலு லோடு கேட்கும் பட்டறைக்கும் மின் நிலைய வாசலில் ஒரே மரியாதை கிடைக்காது. சிமெண்ட் ஆலைகளும் சும்மா வாங்கவில்லை. பொசோலானா சிமெண்டில் நூற்றுக்கு 35 பங்கு வரை சாம்பல் சேர்க்க விதி இடம் தருகிறது. இலவசமாகவோ மலிவாகவோ வாங்கிய சாம்பல் மூட்டைக்குள் போய், சிமெண்ட் விலையில் வெளியே வருகிறது. அந்த மூட்டையைத்தான் பட்டறைக்காரர் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் சாம்பலோடு கலக்கிறார்.

செங்கல் சூளையின் பக்கம் திரும்பிவிடலாம் என்றால் அதுவும் அடைபட்ட வழி. இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 கோடிக்கு மேல் செங்கல் சுடப்படுவதாக மதிப்பீடு. கோவைக்குப் பக்கத்தில், யானைகள் நடமாடும் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை ஆழக் குழி பறித்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அந்தக் குழிகளைப் பார்த்தவர் யாரும் பழைய முறைக்காக வாதாட மாட்டார்கள்.

வெளிநாடுகளில் வேறு வேறு பாதைகளில் போயிருக்கிறார்கள். கீவ் நகரில் விக்டர் குளுக்கோவ்ஸ்கி 1950-களிலேயே உருக்காலைக் கசடைக் காரத்தோடு சேர்த்து சிமெண்ட் இல்லாத கான்கிரீட் செய்தார். பிரான்சின் ஜோசப் டேவிடோவிட்ஸ் எழுபதுகளின் இறுதியில் ‘ஜியோபாலிமர்’ என்ற பெயரை வைத்தார். ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவுக்கு அருகே 2014-ல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் அந்த வகைக் கான்கிரீட் பல்லாயிரம் கனமீட்டர் போடப்பட்டது. கனடாவின் கியூபெக்கில் ‘கார்பிகிரீட்’ நிறுவனம், உருக்காலைக் கசடு கலந்த கட்டிகளை அறைக்குள் வைத்துக் கரியமில வாயுவைச் செலுத்தியே இறுக வைக்கிறது. இறுகுவது மணிக்கணக்கில் முடிகிறது, சிமெண்ட் துளியும் இல்லை. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் ஜியோபாலிமர் கட்டிகளைச் செய்து காட்டியிருக்கிறது. ஆனால் காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் விலை கூடியவை, கையில் பட்டால் புண்ணாக்குபவை. வெறுங்காலோடு சித்தாள் வேலை செய்யும் பட்டறையில் அவற்றை இறக்குவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் சிறு பட்டறைக்கு இன்றைக்குத் தோதானது விசாகப்பட்டினத்துப் பழைய வழிதான்.

அதற்கு முதல் தேவை பெயரைப் பிரிப்பது. இந்தியத் தரநிலை அலுவலகம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. சாம்பல்–சுண்ணாம்புக் கல்லுக்கு ஐ.எஸ். 12894. சாம்பல்–சிமெண்ட் கல்லுக்கு 2018-ல் வந்த ஐ.எஸ். 16720. சந்தையில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விலை. அரசு ஒப்பந்தப் புள்ளிகளில் ‘ஃப்ளை ஆஷ் கல்’ என்று பொதுவாக எழுதுவதை நிறுத்தி, எந்தத் தரம் என்று எண் போட்டுக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, காளவாயா கார்பைடுக் கழிவா என்பதும் அந்த வரியில் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது தேவை பணம், அதுவும் மானியமாக அல்ல. பட்டறைக்காரருக்கு வேண்டியது இரண்டு வார நேரம். பள்ளிக் கட்டடத்துக்கோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புக்கோ கல் வாங்கும் அரசுத் துறைக்குத் தன் தேவை ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். களத்தில் அடித்து அடுக்கிய நாளிலேயே கல்லை எண்ணி முத்திரையிட்டு, விலையில் பாதியைக் கொடுத்துவிட்டு, இருபத்தெட்டாம் நாள் அமுக்கிச் சோதித்து எடுத்துக்கொண்டால் மீதியைக் கொடுக்கலாம். சோதனையில் தோற்ற கல்லுக்குப் பணம் திரும்ப வேண்டும். இப்படி ஒரு விதி வந்தால் பட்டறைக்காரர் சிமெண்ட் மூட்டையைத் தேடிப் போகக் காரணம் இருக்காது. மூட்டைச் செலவும் அவருக்கு மிச்சம்.

கல்லைப் பற்றிய குறைகளை மூடி மறைக்கவும் தேவையில்லை. போதுமான நாள் தண்ணீர் காட்டாத கல்லில் கட்டிய சுவர் சுருங்கி விரிசல் விடும். முகம் வழவழப்பாக இருந்தால் பூச்சு பிடிக்காது. மின் நிலையத்தில் சரியாக எரியாத கரி சாம்பலில் மிகுந்தால் கல் கருத்து, வலு குறையும். சாம்பல் தர விதி அந்தக் கரிக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வரம்பு போட்டிருக்கிறது. ஆனால் லோடுக்கு லோடு யாரும் சோதிப்பதில்லை. மின் நிலையமே தினமும் ஒரு சோதனை செய்து, அன்றைய எண்ணை வாசலில் எழுதிப் போடுவது பெரிய செலவு இல்லை.

தொடங்குவதற்குத் தூத்துக்குடி தோதான இடம். ஐந்து அலகுகளும் 1,050 மெகாவாட் திறனும் கொண்ட பழைய மின் நிலையமும், அதன் பக்கத்தில் 1,000 மெகாவாட் புதிய நிலையமும் சாம்பலைத் தள்ளுகின்றன. உர ஆலையின் பாஸ்போஜிப்சம் அதே ஊரில் கிடக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி வெயில். தடை என்று சொன்னால் தண்ணீர்தான். நிலத்தடி நீர் உப்பு. அதை ஊற்றினால் கல்லில் உப்புப் பூக்கும். பட்டறைகளுக்கென்று நல்ல தண்ணீர் இணைப்பு ஒன்று தேவைப்படும், கார்பைடுச் சுண்ணாம்பை வேறு ஊர்களிலிருந்து ரயிலிலோ லாரியிலோ கொண்டுவர வேண்டும். வண்டிக்கூலி அதிகமென்றால், மின் நிலையம் கட்டும் இழப்பீட்டுத் தொகையிலிருந்தே அதை ஈடுசெய்ய ஏற்பாடு செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் லட்சக்கணக்கில் கல் இறுகிக் கையிருப்பில் இருக்க வேண்டுமென்றால், பொதுப்பணித் துறையின் கொள்முதல் ஆணை மாசி மாதத்துக்குள் வெளிவந்துவிட வேண்டும்.